பிரைட்டன் கடற்கரையும் துவிச்சக்கர வண்டியும்: ஒரு வழியுரிமையின் வரலாறு

இலண்டன் மாநகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 85 கிலோமீற்றர் தொலைவில், ஆங்கிலக் கால்வாயின் கரையில் அமைந்திருக்கிறது பிரைட்டன். ஆண்டுதோறும் ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் ஆயிரக்கணக்கானோர் இலண்டனிலிருந்து துவிச்சக்கர வண்டிகளில் புறப்பட்டு இந்தக் கடலைச் சென்றடைகின்றனர். பிரித்தானிய இருதய மன்றத்துக்கு நிதி திரட்டும் பயணம் இது. தார் வீதிகளைக் கூடுமானவரை தவிர்த்து, காட்டுத் தடங்களையும் வயலோர ஒழுங்கைகளையும் சுண்ணாம்புக் குன்றுகளையும் கடந்து அதே கடலை அடையும் இன்னொரு பயணத்தையும் அந்த மன்றம் பின்னாளில் ஒழுங்கு செய்தது. சேறு பூசிய உடலும் கீறல் விழுந்த முழங்கால்களுமாக அவர்கள் கடற்கரைக்கு வந்து இறங்குவது பார்ப்பவர்களுக்கு ஒரு விடுமுறை நாள் வேடிக்கை.

ஆனால், அந்தக் குன்றுப் பாதைகளில் துவிச்சக்கர வண்டியை இறக்கும் உரிமை சாதாரண மனிதனுக்கு எவ்வாறு கிடைத்தது என்று தேடிப்பார்த்தால் ஒரு நூற்றாண்டு நீண்ட கதை வெளிப்படுகிறது. நிலப்பிரபுக்கள், நீதிமன்றங்கள், ஆலைத் தொழிலாளர்கள், பெண்கள், பத்திரிகையாளர்கள் எனப் பலர் அக்கதையில் வருகின்றனர். எமது மக்களின் வியர்வையும் அதன் ஓர் அத்தியாயத்தில் கலந்திருக்கிறது.

மூவர் புறப்பட்ட நாள்

1869 ஆம் ஆண்டு பெப்ரவரி 17 ஆம் திகதி ஜோன் மேயோல், றோலி ரேணர், சார்ள்ஸ் ஸ்பென்சர் ஆகிய மூவர் இலண்டனிலிருந்து பிரைட்டனுக்குத் துவிச்சக்கர வண்டிகளில் புறப்பட்டனர். மேயோல், விக்ரோறியா மகாராணியைப் படம்பிடித்த புகழ்பெற்ற புகைப்படக் கலைஞரொருவரின் மகன். ஸ்பென்சர் இலண்டனில் உடற்பயிற்சிக்கூடம் நடத்தியவர். ரேணர், கொவென்றி நகரத்துத் தையல் இயந்திரக் கம்பனியொன்றின் பாரிஸ் முகவர். பாரிஸில் மிஷோ என்பவரின் பட்டறையில் செய்யப்பட்ட வண்டியொன்றை 1868 ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து ஸ்பென்சரின் கூடத்தில் ஓட்டிக் காட்டியவரும் அவரே.

அந்த வண்டியை இன்றைய துவிச்சக்கர வண்டியுடன் ஒப்பிட இயலாது. மரச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டை பூட்டப்பட்டிருக்கும். மிதிகட்டைகள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருக்கும். சங்கிலி கிடையாது, காற்றடைத்த ரயர் கிடையாது. 'எலும்பு குலுக்கி' என்று ஆங்கிலேயர்கள் அதற்கு இட்ட பட்டப்பெயரே அதன் சுகத்தைச் சொல்லும். மேயோல் அதற்கு முன்னர் ஒருமுறை பிரைட்டனுக்குப் புறப்பட்டு, பாதி வழியில் றெட்ஹில் என்னுமிடத்தில் களைத்துத் திரும்பியிருந்தார். இம்முறை ஒரு முழுப் பகலைச் செலவிட்டு அவர் கடற்கரை நகரத்தை அடைந்தார். இலண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகை இதனை அசாதாரண சாதனையாகக் கருதிச் செய்தி வெளியிட்டது.

அக்காலத்தில் வீதிப் பயணம், கரடுமுரடான பாதைப் பயணம் என்ற வேறுபாடு பெரிதாக இருக்கவில்லை. 1841 ஆம் ஆண்டில் இலண்டனுக்கும் பிரைட்டனுக்கும் இடையே புகையிரதப் பாதை திறக்கப்பட்டதும் குதிரை வண்டிகள் ஓடிய நெடுஞ்சாலை வெறிச்சோடிப் போயிற்று. சுங்கம் அறவிட்டு வீதிகளைப் பராமரித்த பொறுப்புச் சபைகள் வருமானமின்றி ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. குண்டும் குழியும் சேறும் நிறைந்த அந்த வீதிகளில் முதலில் இறங்கியவர்கள் துவிச்சக்கர வண்டிக்காரர்களே. மோட்டார் வாகனங்கள் பரவுவதற்கு முன்னர், செம்மையான வீதிகள் வேண்டுமென்று குரல் எழுப்பி 1886 ஆம் ஆண்டில் வீதி மேம்பாட்டுச் சங்கத்தை உருவாக்கியவர்களும் அவர்களே. பின்னாளில் அவ்வீதிகளை மோட்டார் வாகனங்கள் ஆக்கிரமித்துக்கொண்டு, அவற்றைச் செப்பனிடக் கோரியவர்களை ஓரத்துக்குத் தள்ளிவிட்டது வரலாற்றின் முரண்.

ரேணர் கொண்டுவந்த அந்த ஒரு வண்டி இன்னொரு திருப்பத்துக்கும் வித்திட்டது. பிரெஞ்சுச் சந்தைக்காக 400 வண்டிகளைச் செய்து தருமாறு அவர் தமது கொவென்றிக் கம்பனியைக் கேட்டுக்கொண்டார். 1870 ஆம் ஆண்டில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் இடையே யுத்தம் மூண்டதால் அந்த வாணிபம் தடைப்பட, உள்நாட்டிலேயே வண்டிகளை விற்க வேண்டியதாயிற்று. தையல் இயந்திரம் செய்த கைகள் துவிச்சக்கர வண்டிகளைச் செய்யத் தொடங்கின. அந்தக் கம்பனியில் பணியாற்றிய ஜேம்ஸ் ஸ்ரார்லியின் மருமகனான ஜோன் கெம்ப் ஸ்ரார்லியே 1885 ஆம் ஆண்டில், இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவாக அமைந்து சங்கிலியால் பின்சக்கரம் இயங்கும் 'றோவர்' வண்டியை வெளியிட்டார். இன்று நாம் ஓட்டும் துவிச்சக்கர வண்டியின் மூதாதை அதுவே.

சட்டமும் சனிக்கிழமையும்

வண்டி வந்துவிட்டது. அதை எங்கே ஓட்டலாம்? துவிச்சக்கர வண்டி சட்டத்தின் பார்வையில் என்ன பொருள் என்பதே பல ஆண்டுகளாகத் தீராத வழக்காக இருந்தது. 1888 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் அதனையும் ஒரு 'வண்டி' என்று வரையறுத்தது. அதன் பின்னரே பொது வீதியில் அதற்கு ஐயத்துக்கிடமில்லாத இடம் கிடைத்தது. ஆனால், வண்டியாகிவிட்டதால் ஒற்றையடிப் பாதைகளும் குதிரைத் தடங்களும் அதற்கு மூடப்பட்டிருந்தன. குதிரையில் செல்பவர் குன்றின் மீது ஏறலாம். துவிச்சக்கர வண்டியில் செல்பவர் அடிவாரத்தில் நிற்க வேண்டும். குதிரை யாரிடம் இருந்தது, துவிச்சக்கர வண்டி யாரிடம் இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் இச்சட்டத்தின் உள்ளர்த்தம் விளங்கும்.

தொடக்கத்தில் வசதி படைத்தோரின் விளையாட்டுப் பொருளாக இருந்த வண்டி, 1890 களில் தொழிலாளர்களின் கைகளுக்கும் வந்து சேர்ந்தது. சனிக்கிழமை பிற்பகல் விடுமுறையும் பழைய வண்டியொன்றும் இருந்தால் ஆலையின் புகையிலிருந்து தப்பிவிடலாம். இந்த விடுதலையை ஓர் இயக்கமாக மாற்றியது ஒரு பத்திரிகை என்பதை இங்கு சற்றுப் பெருமையுடன் குறிப்பிடலாம். றொபேட் பிளாச்ஃபோர்ட் என்னும் பத்திரிகையாளர் 1891 ஆம் ஆண்டில் மான்செஸ்ரர் நகரத்தில் 'கிளாரியன்' என்ற சோசலிச வார இதழைத் தொடங்கினார். அதன் வாசகர்கள் சிலர் 1894 ஆம் ஆண்டில் பேர்மிங்ஹாம் நகரத்தில் கூடி 'கிளாரியன்' துவிச்சக்கர வண்டிக் கழகத்தை அமைத்தனர். இங்கிலாந்தெங்கும் கிளைகள் பரவின. வார இறுதியில் குழுக் குழுவாகப் புறப்படுவார்கள். போகும் வழியில் கிராமங்களில் இதழையும் துண்டுப் பிரசுரங்களையும் விநியோகிப்பார்கள். சந்தைச் சதுக்கத்தில் நின்று பேசுவார்கள். பின்னர் பயணத்தைத் தொடர்வார்கள். விநியோகத்துக்கு வாகனம் இல்லாத பத்திரிகைக்கு வாசகர்களே வாகனமான கதை இது.

பெண்களின் கதையும் பிரைட்டன் வீதியோடு பிணைந்தது. 1893 ஆம் ஆண்டு செப்டெம்பரில், பிரைட்டனைச் சேர்ந்த ரெஸி றெனோல்ட்ஸ் என்ற 16 வயதுப் பெண் அந்நகரத்திலிருந்து இலண்டனுக்குச் சென்று திரும்பிய பயணத்தை ஏறத்தாழ எட்டரை மணித்தியாலங்களில் முடித்தார். வண்டியோட்ட வசதியாக நீண்ட பாவாடையை விடுத்து முழங்கால் வரையிலான காற்சட்டை அணிந்திருந்தார். பத்திரிகைகள் பல அவருடைய வேகத்தை விட்டுவிட்டு அவருடைய உடையைப் பற்றியே எழுதின. பெண்ணின் சாதனையை அவளது உடையால் அளக்கும் பத்திரிகைப் பழக்கத்துக்கு வயது நூற்றுக்கு மேல்.

இறப்பரின் விலை

இந்தப் பயணங்கள் எல்லாவற்றையும் சாத்தியமாக்கிய பொருளொன்று உண்டு. பெல்பாஸ்ற் நகரத்தில் வாழ்ந்த மிருக வைத்தியரான ஜோன் டன்லொப், 1888 ஆம் ஆண்டில் தமது மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த இறப்பர்க் குழாயைப் பொருத்திப் பார்த்தார். அடுத்த சில ஆண்டுகளில் உலகமே துவிச்சக்கர வண்டியில் ஏறிக்கொண்டது. இறப்பருக்கான கேள்வி எகிறியது.

அந்த இறப்பர் எங்கிருந்து வந்தது? அமேசன் காடுகளிலிருந்தும், பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் தனிச் சொத்தாக 1885 முதல் 1908 வரை இருந்த கொங்கோவிலிருந்தும் பெருமளவில் வந்தது. கொங்கோவில் குறித்த அளவு இறப்பர்ப் பாலைக் கொண்டுவராத கிராமங்கள் கொளுத்தப்பட்டன. மனிதர்களின் கைகள் வெட்டப்பட்டன. அங்கிருந்து கப்பல்கள் இறப்பருடன் வருவதையும் துப்பாக்கிகளுடன் திரும்புவதையும் கவனித்து, இது வாணிபமல்ல கொள்ளை என்று உலகுக்கு எடுத்துரைத்தவர் ஒரு கப்பல் கம்பனியின் எழுதுவினைஞர். பணியைத் துறந்து பத்திரிகையாளரான எட்மண்ட் மொறல் என்பவரே அவர். பிரித்தானியத் தூதுவர் றோஜர் கேஸ்மன்ற்றின் 1904 ஆம் ஆண்டு அறிக்கை அவரது கூற்றுகளை உறுதிசெய்தது. ஞாயிற்றுக்கிழமையில் கடல் பார்க்கச் சென்ற இலண்டன் எழுதுவினைஞனுக்கு, தனது சக்கரத்தைச் சுற்றியிருந்த ரயரின் மறுமுனையில் என்ன இருந்தது என்பது நெடுங்காலம் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த கட்டத்தில்தான் நாம் வருகிறோம். 1876 ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் பிறேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டனின் கியூ பூங்காவுக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மிகச் சிலவே. அந்த நாற்றுகளில் பெரும்பாலானவை, ஏறத்தாழ 1,900, அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. ஆசியத் தோட்ட இறப்பரின் தாய்மடி அதுவே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களிலும் மலாயாவிலும் இறப்பர்த் தோட்டங்கள் பரந்தன. விடியற்காலையில் மரத்தைச் சீவிப் பால் எடுக்கத் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் எடுத்த பால் ரயராகி உலகின் வீதிகளில் உருண்டது. அவர்கள் மட்டும் லயத்துக்கும் மலைக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தனர். தோட்டத்துக்குள் வெளியார் கால்வைப்பதை அத்துமீறல் என்று கூறித் தொழிற்சங்கவாதிகளைத் துரைமார் தடுக்க முயன்ற காலமும் இருந்தது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் அவர்களுள் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. வழியுரிமையைப் பற்றிப் பேசும்போது அந்த மக்களை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமாகாது.

குன்றின் மீது ஏறியவர்கள்

இங்கிலாந்துக்குத் திரும்புவோம். முதலாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, 1919 ஆம் ஆண்டின் வசந்தத் தொடக்கத்தில், 'வழிப்போக்கன்' என்ற பொருள்தரும் புனைபெயரில் எழுதிவந்த டபிள்யூ. எம். றொபின்சன் தமது நண்பர்களுடன் வேல்ஸ் நாட்டின் பெர்வின் மலைத்தொடரைப் பனிக்குள் வண்டிகளைத் தள்ளியும் தூக்கியும் கடந்தார். அப்பயணத்தைப் பற்றி அவர் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை ஒரு தலைமுறையையே மலைப்பாதைகளின் பக்கம் திருப்பியது. கரடுமுரடான பாதைகளை விரும்பும் இத்தகையோர் 1955 ஆம் ஆண்டில் லெம்ஸ்ரர் நகரத்தில் கூடித் தமக்கெனத் தனிக் கழகமொன்றை அமைத்தனர். வீதியை விட்டு விலகிச் செல்லும் துவிச்சக்கர வண்டிக் கழகங்களுள் உலகில் மிகப் பழைமையானதாக அது கருதப்படுகிறது.

இடையில் 1932 ஆம் ஆண்டு ஏப்ரல் 24 ஆம் திகதி இன்னொரு நிகழ்ச்சி நடந்தேறியது. மான்செஸ்ரருக்கு அண்மையிலுள்ள கின்டர் மேட்டுநிலம், பிரபுக்கள் பறவை வேட்டையாடுவதற்காகப் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தது. பெனி றொத்மன் என்ற 20 வயது இளைஞரின் தலைமையில் சில நூறு தொழிலாளர்கள் அதற்குள் நடந்து சென்றனர். புகையிரத நிலையத்தில் பொலிசார் தம்மைத் தேடுவார்கள் என்பதை உணர்ந்து றொத்மன் அங்கு சென்றது துவிச்சக்கர வண்டியில்தான். அத்துமீறி நுழைவது இங்கிலாந்தில் தண்டனைக்குரிய குற்றமல்ல. எனவே கலகம், தாக்குதல் போன்ற வேறு குற்றச்சாட்டுகள் தேடப்பட்டு ஐவர் சிறையில் அடைக்கப்பட்டனர். அத்தண்டனை மக்களின் மனச்சாட்சியை உலுக்கியது. 1949 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காக்கள் பற்றிய சட்டம் வந்தது. பொதுப் பாதைகளைப் படத்தில் குறித்து உறுதிப்படுத்தும் கடமை உள்ளூராட்சி நிருவாகங்கள் மீது சுமத்தப்பட்டது.

துவிச்சக்கர வண்டிக்காரர்கள் இன்னும் 19 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1968 ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம், அதன் 30 ஆவது பிரிவில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள குதிரைத் தடங்களில் துவிச்சக்கர வண்டி ஓட்டும் உரிமையை வழங்கியது. நடப்போருக்கும் குதிரையில் வருவோருக்கும் வழிவிட வேண்டும் என்பது நிபந்தனை. வண்டிகளுக்கேற்பப் பாதையைச் செப்பனிடும் கடமை எவருக்கும் இல்லை என்றும் அப்பிரிவு கூறியது. மேயோலின் பயணத்துக்கும் இச்சட்டத்துக்கும் இடையே 99 ஆண்டுகள்.

கடலைக் காணும் இடத்தில்

அச்சட்டத்தின் பயனை முழுமையாகக் காண வேண்டுமானால் தென் டவுன்ஸ் குன்றுப் பாதைக்குச் செல்ல வேண்டும். 1972 ஆம் ஆண்டில் தேசியப் பாதையாகத் திறக்கப்பட்டு, பின்னர் மேற்கே நீட்டிக்கப்பட்ட இது, வின்செஸ்ரர் நகரத்திலிருந்து கடற்கரை நகரமான ஈஸ்ற்போர்ண் வரை 160 கிலோமீற்றர் நீள்கிறது. தொடக்கம் முதல் முடிவு வரை குதிரைக்கும் துவிச்சக்கர வண்டிக்கும் உரிமையுள்ள பாதை இது. நெடுகிலும் வெண்சுண்ணாம்பு. மழை பெய்தால் சவர்க்காரம் பூசியதுபோல வழுக்கும். வெயில் காய்ந்தால் தீக்கற்களின் கூர் விளிம்புகள் ரயரைக் கிழிக்கும். ஏறி இறங்கும் குன்றுகளின் ஏற்றங்களைக் கூட்டினால் 3,800 மீற்றர் அளவில் வரும். 248 மீற்றர் உயரமுள்ள டிச்லிங் பீக்கன் உச்சியில் நின்றால் ஒருபுறம் பண்ணைச் சமவெளியும் மறுபுறம் கடலும் தெரியும். பிரைட்டனுக்கு வீதிவழியாக வருவோரும் ஏறிக் களைக்கும் குன்று அதுவே.

1970 களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்து இளைஞர்கள் பழைய தடித்த ரயர் வண்டிகளைத் திருத்தி மலைச்சரிவுகளில் ஓட்டியதிலிருந்து மலைத்துவிச்சக்கர வண்டி பிறந்தது. 1980 களில் அது தொழிற்சாலைகளில் பெருந்தொகையாகச் செய்யப்பட்டு அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து வந்தபோது, இங்கிலாந்தில் அதற்கான உரிமை சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே காத்திருந்தது. நீண்ட தூரக் குழுப்பயணங்கள் பெருகின. தென் டவுன்ஸ் பாதை முழுவதையும் ஒரே நாளில் ஓட்டி முடிப்பது பலருக்கு ஓர் இலட்சியமாயிற்று.

இருப்பினும், இப்பாதையின் இறுதியில் ஒரு சிறு பாடம் உண்டு. அல்ஃபிறிஸ்ரன் கிராமத்தருகே பாதை இரண்டாகப் பிரிகிறது. கடலோரமாக 'ஏழு சகோதரிகள்' என்னும் வெண்பாறைகளின் மேலாகச் செல்லும் அழகிய வழி நடப்போருக்கு மட்டுமே உரியது. துவிச்சக்கர வண்டிகள் உள்நாட்டுப் பக்கமாக ஜெவிங்ரன் கிராமத்தினூடாகவே ஈஸ்ற்போர்ணை அடைய வேண்டும். அரிக்கப்பட்டுவரும் பாறை விளிம்பில் நடப்போரின் பாதுகாப்பையும் கருதினால் இதில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் இங்கிலாந்தில் ஒரு பாதையின் கதவு எவருக்குத் திறக்கும், எவருக்கு மூடும் என்பதைப் பழைய வகைப்படுத்தலே இன்றுவரை தீர்மானிக்கிறது. 2000 ஆம் ஆண்டின் சட்டம் மேட்டுநிலங்களில் சுற்றித்திரியும் உரிமையை நடப்போருக்கு வழங்கியது, வண்டியோட்டிகளுக்கு வழங்கவில்லை. மாறாக ஸ்கொட்லாந்து, 2003 ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் மூலம், பொறுப்புடன் நடந்துகொள்ளும் எவருக்கும் பெரும்பாலான நிலங்களில் நடந்தோ வண்டியிலோ செல்லும் உரிமையை அளித்தது. ஒரே தீவில் இரண்டு நீதிகள்.

அதே 2000 ஆம் ஆண்டின் சட்டம் இன்னொரு கத்தியையும் தலைக்கு மேல் தொங்கவிட்டது. 1949 க்கு முற்பட்ட பழைய பாதைகள் 2026 ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குள் உத்தியோகபூர்வப் படத்தில் பதியப்படாவிட்டால் அவற்றின் மீதான உரிமை அற்றுப்போகும் என்று அது கூறியது. நாடெங்கும் தொண்டர்கள் ஆவணக் காப்பகங்களில் அமர்ந்து பழைய நிலப்படங்களையும் தேவாலயத் திருப்பணிக் கணக்குகளையும் புரட்டத் தொடங்கினர். காலக்கெடு 2031 வரை நீட்டப்பட்டது. 2024 ஆம் ஆண்டு டிசெம்பரில், அக்காலக்கெடுவையே நீக்கிவிடப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. ஆவணத்தைத் தேடி எடுத்துப் பாதுகாப்பவர்களால்தான் மக்களின் உரிமை பிழைக்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் தேவையில்லை.

இங்கிலாந்தின் வடபகுதியில் 1994 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட, கடலிலிருந்து கடலுக்குச் செல்லும் பாதையொன்று உண்டு. மேற்குக் கரையில் வண்டியின் பின்சக்கரத்தை ஐரிஷ் கடலில் நனைத்துவிட்டுப் புறப்படுவதும், ஏறத்தாழ 225 கிலோமீற்றரைக் கடந்து கிழக்குக் கரையில் முன்சக்கரத்தை வடகடலில் நனைப்பதும் அங்கு மரபாகிவிட்டது. அப்பாதையின் ஒரு பகுதி, 1980 ஆம் ஆண்டில் மூடப்பட்ட கொன்செற் உருக்கு ஆலைக்கு ஒருகாலத்தில் புகையிரதங்கள் ஓடிய தடம். ஆலை போயிற்று, தண்டவாளம் போயிற்று, தடம் மக்களிடம் வந்து சேர்ந்தது.

இன்று தென் இலண்டனின் ரூற்றிங், மிச்சம், குறொய்டன் பகுதிகளில் எம்மவர்கள் பல்லாயிரக்கணக்கில் வாழ்கின்றனர். பிரைட்டனுக்குச் செல்லும் வழி அவர்களின் வீட்டு வாசல்களுக்கு அருகாகவே செல்கிறது. அங்கு பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ஒருநாள் வண்டியை எடுத்துக்கொண்டு குன்றுகளைக் கடந்து கடல் பார்க்கப் போகக்கூடும். போகும்போது அவர்கள் உருட்டிச் செல்லும் ரயரில் ஒரு தோட்டத் தொழிலாளியின் விடியற்காலை இருந்தது என்பதையும், அவர்கள் செல்லும் தடத்தைத் திறப்பதற்குச் சிலர் சிறைசென்றனர் என்பதையும் பெற்றோர்கள் எடுத்துச் சொல்வது நல்லது.